மாப்பிள்ளை போட்ட ஊறல்

தொழுவத்து ஓரத்தில் ஈரச் சாக்கை விரித்து, ஊறவைத்த இருங்குச் சோளத்தை அதன் மேல் பரப்பிக்கொண்டிருந்தார் அடைக்கலம் அண்ணன். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. இடுப்பில் கோடி வேட்டி. தலைக்கு ஊற்றிய ஈரம்கூட இன்னும் உலரவில்லை. சோளத்தைப் பரப்புகிற விரல்கள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அவருக்குப் பின்னால் என் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் நின்றார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி அல்ல, களவு கொடுத்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"சோளம் நல்ல மணியாத்தான் இருக்கு மாமா" என்றார் அண்ணன்.

அதற்குத் தொழுவத்து மாடு ஒன்றுதான் தலையை ஆட்டியது.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள் பொன்னழகி மதினி. என் வீட்டுக்காரருக்கு அக்காள். அந்தச் சோளத்தைப் பரப்பிய மனிதருக்குப் பெண்சாதி. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

சோளத்தை முளைகட்டி என்ன செய்யப் போகிறார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? சாராயம்தான். ஊறல் போட்டு, காய்ச்சி, எங்கள் குலசாமி கருப்பருக்குப் படைக்க. அதைப் போட உட்கார்ந்திருந்தவரோ, ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் எந்தச் சாராயக் கடையில் எந்த மூலையில் வெயில் விழாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு படி மேலே போய், பூனையையே பால் கறக்கச் சொன்னார்கள்.

போன வாரம் இதே பத்திரிகையில் நான் புகுந்த வீட்டுக்கு வந்த கதையை எழுதினேன். அதைப் படித்துவிட்டு என் மகன், "அடுத்தது அந்தச் சாராயக் கதையா? எழுதாதீங்கம்மா, என் ஆபீஸ்ல எல்லாரும் படிக்கிறாங்க" என்றான். படிக்கட்டுமே! அவன் ஆபீஸில் சாமி கும்பிடாதவன் யார்? முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு கோலப் போட்டிக்குப் போய்விடலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறந்துவிட்டுப் போனவர்

எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். புதுக்கோட்டை ராஜா ஆட்சி. எங்கள் ஊர் குடுமியான்மலைக்கு மேற்கே, செம்மண்ணும் வேலமரமுமாகக் கிடக்கிற பொட்டல். மழை பெய்தால் சோளம், வரகு. பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவது.

நான் வந்து இறங்கிய நாளிலிருந்து மதினி என்னோடு நிறையப் பேசியதில்லை. வேலையில் மட்டும் பேய். விடிந்தால் சாணி, உரல், அடுப்பு, களை. ஒரு நாள் ஊருணியில் குடத்தை முக்கிக்கொண்டே நானாகக் கேட்டேன்.

"மதினி, அண்ணன் உங்கள அடிப்பாகளா?"

நிமிர்ந்து பார்த்தாள். "அடிச்சிருந்தா நான் திருப்பி அடிச்சிருப்பேனே புள்ள. அது இல்ல."

"பெறகு?"

"மறந்துட்டாக."

மார்கழித் திருவிழாவுக்கு ஆவுடையார்கோவிலுக்கு இருவரும் போயிருக்கிறார்கள். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைக் காட்டி, "இங்கிட்டே இரு, இந்தா வந்துட்டேன்" என்று போனவர், சாராயக் கடைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் நுழைந்தவர்தான். கூட்டம் கலைந்தது. கடைகளைப் பிரித்தார்கள். பொரிகடலைக்காரி மூட்டை கட்டிக்கொண்டு, "யாருக்காகத்தா உக்காந்திருக்கே?" என்று கேட்டிருக்கிறாள். பொழுது விடிந்து பார்த்தால் பனியில் சேலை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர், பெண்சாதியோடு வந்தோம் என்கிற நினைப்பே இல்லாமல், யாரோ ஒருவனுடைய வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.

மதினி அவர் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து வந்த உப்பு வண்டிக்காரர்களோடு புதுக்கோட்டை வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தே பிறந்த வீடு சேர்ந்துவிட்டாள்.

"ஒரு மனுசி ஒக்காந்திருக்கான்னு ஞாபகம் இல்ல பாரு. மாட்டக்கூட அப்படி மறக்கமாட்டாக" என்றாள். சொல்லிவிட்டு நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

கருப்பர் கண்ட குறை

ஆடி பிறந்தது. கருப்பர் படையலுக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் சிக்கல் வந்தது.

எங்கள் குடும்பத்து வழக்கம் இது. சாமிக்குப் படைக்கிற சாராயம் கடையில் வாங்கினது ஆகாது. சொந்தக் கொல்லையில் விளைந்த சோளத்தில் ஊறல் போட வேண்டும். அதைப் போட வேண்டியவர் வீட்டு மூத்த மாப்பிள்ளை. காப்புக் கட்டிக்கொண்டு, படையல் முடிகிற வரை ஒரு சொட்டு நாக்கில் படாமல், பானைக்குக் காவல் இருக்க வேண்டும்.

ஏன் மாப்பிள்ளை? அதற்கு ஒரு கதை உண்டு. என் மாமனாருக்கு முப்பாட்டன் காலத்தில் வீட்டு ஆண்பிள்ளைகளே ஊறல் போட்டார்களாம். ருசி பார்க்கிறேன், பதம் பார்க்கிறேன் என்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ஒரு அகப்பை இறக்கி, படையல் அன்று கருப்பருக்கு வெறும் பானையைக் கொண்டுபோய் வைத்தார்களாம். சாமிக்குக் கோபம் வந்து அந்த வருஷம் கண்மாய் நிறையவில்லை. பிறகு ஒரு கிழவி யோசனை சொன்னாளாம்: "மகன் நம்ம வீட்டுல திங்கக் கூச்சப்படமாட்டான். மாப்பிள்ளைதான் மாமியா வீட்டுல கூச்சப்படுவான். அவன்கிட்டக் குடுங்க பானைய." சாமி காரியத்தில் இவ்வளவு புத்தி பேசின கிழவியை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்தக் கிழவி அடைக்கலம் அண்ணனைப் பார்த்ததில்லை. முந்தின வருஷங்களில் அண்ணன் சாமி பானையைத் தொட்டதில்லை, வாஸ்தவம்தான். காப்புக் கயிற்றோடு பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விட்டு ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வந்துவிடுவார்.

"அந்த ஆளக் கூப்புடவே வேணாம். அத்து விட்டுருவோம், பொண்ணுக்கு வேற எடம் பாப்போம்" என்றார் மாமனார்.

"சாமிக்கு என்ன சொல்லுவீங்க?" என்றாள் மாமியார். "அத்து விடறதுன்னா படையல் முடிஞ்சு அத்து விடுங்க. கருப்பருக்கு மாப்பிள்ளை வேணும்."

மதினி அரிவாள்மனையில் கீரை அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வரச் சொல்லுங்கய்யா. ஆனா வாசலத் தாண்டி வெளியே போகக் கூடாது. பானைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். பானையும் நெறைஞ்சு, ஆளும் தெளிஞ்சு இருந்தா, படையல் அன்னைக்கே நான் வண்டியேறிப் போறேன். இல்லேன்னா நீங்க சொல்ற எடத்துக்குச் சரிங்கறேன்."

சொல் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாளே வந்துவிட்டார். நடந்தே வந்திருந்தார்.

கூழ் இளகும் நேரம்

முளைவிட்ட சோளத்துக்கு ஒரு வாசம் உண்டு. மழை பெய்து ஓய்ந்த கொல்லையில் வெறுங்காலோடு நடந்தால் வருமே, அந்த வாசம். சாக்கைப் பிரித்ததும் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அண்ணன் அதை நிழலில் உலர்த்திக் கொடுத்தார். நானும் மதினியும் உரலில் போட்டு இடித்தோம். மதினி போட்ட உலக்கையில் தரை அதிர்ந்தது. யாரை நினைத்துக்கொண்டு இடித்தாளோ!

முளை கட்டாத சோளத்தை உடைத்துத் தனியாகக் கூழ் காய்ச்சினோம். துடுப்பு நட்டால் நிற்கிற கெட்டிக் கூழ். அதை அண்ணன் வாங்கிக்கொண்டுபோய், விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்து, இடித்த முளைமாவைத் தூவிக் கிளறினார். என் கண்ணால் பார்த்தேன், அந்தக் கெட்டிக் கூழ் அடுப்பில்லாமல், தண்ணீரில்லாமல் தானாக இளகியது. நீராகி ஓடியது.

"நக்கிப் பாரு தங்கச்சி" என்றார். என் நாத்தனார் புருஷன் எனக்கு அண்ணன் முறை. அதனால் என்னோடுதான் அவர் கொஞ்சம் பேசுவார்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது! கருப்பட்டி இன்னும் போடவே இல்லை. வெறும் சோளக் கூழ் எப்படி இனிக்கும்?

"முளைக்கு அந்தக் கொணம் இருக்கு" என்றார். முகத்தில் லேசாகச் சிரிப்பு. வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தார். "கல்லு மாதிரி இருக்கறதையும் எளக வச்சிரும்." சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை. அங்கே வரகு குத்திக்கொண்டிருந்த மதினியின் உலக்கைச் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது.

வெள்வேலம்பட்டையை நசுக்கிப் போட்டு, கருப்பட்டியை உடைத்துப் போட்டுக் கலக்கினார். பானை வேண்டும். வழக்கமாக ஊறல் போடுகிற பழைய பானை அந்த வருஷம் பரணிலிருந்து விழுந்து விரிசல் விட்டிருந்தது. என் மாமியார் சும்மா இருப்பாளா? பானை வனைகிற வேளாரிடம் சொல்லிவைத்து, சூளையிலிருந்து இறங்கிய சூடு ஆறாத புதுப்பானை ஒன்றை வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, தலையில் சுமந்துகொண்டே வந்தாள்.

"சாமிக்குப் போடுறது. இந்த வருசமாச்சும் சுத்தமா நடக்கட்டும்" என்றாள், மாப்பிள்ளையைப் பார்க்காமல்.

பானை நிறைய ஊற்றி, வாயில் துணியைக் கட்டி, தொழுவத்துக்குப் பின்னாலிருந்த எருக்குழியில் வைக்கோல் பரப்பி, கழுத்தளவு புதைத்தார்கள். கட்டின துணியைக் காய்ச்சுகிற அன்றுதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை காதை வைத்துக் கேட்கலாம். அவ்வளவுதான்.

எருக்குழிக் காவல்

எருக்குழிக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அதுதான் மாப்பிள்ளைக்கு மாளிகை. முதல் இரண்டு மூன்று நாள் அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வேர்த்துக் கொட்டியது. பட்டப்பகலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினார். சோறு இறங்கவில்லை. எருக்குழியிலிருந்து ஊறல் புளிக்கிற வாசம் கிளம்பி, கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கே அந்த வாசத்தில் நாக்கு ஊறியது என்றால் அவரைக் கேட்பானேன்!

வழக்கம்போல அந்த வருஷமும் தலையாரி ஒரு நடை வந்து போனார். ஊறல் போடுவது சட்டத்துக்கு விரோதம். கடைக் குத்தகைக்காரர் கண்ணில் பட்டால் வம்பு. தலையாரி எருக்குழியை எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "எரு நல்லா மக்கியிருக்குங்க" என்று சொல்லிவிட்டு, படையல் என்றைக்கு என்று நாள் கேட்டுக்கொண்டு போனார். அவருக்கும் கருப்பர்தான் குலசாமி.

நான்தான் அண்ணனுக்கு நீராகாரம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் சட்டியை வாங்கக் கை நீட்டியவர், நடுக்கத்தில் பாதியைச் சிந்திவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"அவ பாத்துருப்பாளோ?" என்றார்.

"யாரு, மதினியா? அவங்க எங்கிட்டிருந்து பாக்கப் போறாங்க."

பார்த்திருந்தாள். மறுநாள் முதல் நீராகாரச் சட்டிக்கு மேல் உரித்த வெங்காயம் இரண்டு உட்கார்ந்திருந்தன. நான் வைக்கவில்லை. மாமியார் வைத்திருக்க மாட்டாள், அவளுக்கு வெங்காயத்தை எண்ணி எடுக்கிற கை. மதினியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நடுக்கத்துக்கு நல்லதுன்னு சொல்லுவாக" என்றாள்.

அடுத்த நாள்களில் நடுக்கம் குறைந்தது. அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து தொழுவத்தைக் கூட்டினார். உடைந்து கிடந்த கலப்பை மேழியைச் செதுக்கிச் சேர்த்தார். கன்றுக்குட்டி அவர் பின்னாலேயே சுற்றியது. அவ்வப்போது எருக்குழியில் குனிந்து பானைத் துணிமேல் காதை வைப்பார். "தங்கச்சி, இங்க வா, கேளு" என்று கூப்பிடுவார். நானும் காதை வைப்பேன். உள்ளே புசுபுசுவென்று ஒரு கும்பல் ரகசியம் பேசுவது போலக் கேட்கும்.

என் வீட்டுக்காரர்கூட, "அத்தான் தேறிட்டாருடி" என்று சொல்லிவிட்டார். மாமனார் மட்டும், "காஞ்ச மாடு கம்பங்கொல்லையில பூந்தா என்னாகும்னு படையல் அன்னைக்குத் தெரியும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது மருமகள் என்ன பேச முடியும்? சட்டி பானையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு சாண் குறைவு

காய்ச்சுகிற நாள் காலை. புசுபுசு சத்தம் அடங்கிவிட்டது என்று அண்ணன் சொன்னார். அடங்கினால் ஊறல் பதம். அடுப்புக்குக் கல் கூட்டியாகிவிட்டது. மாமனார் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, கருப்பரைக் கும்பிட்டு, துணியை அவிழ்த்தார்.

எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். கழுத்து வரை இருந்த ஊறல் பானையின் வயிற்றுக்கு இறங்கியிருந்தது. ஒரு சாணுக்கு மேல் குறைவு.

"அடப்பாவி" என்றாள் மாமியார்.

மாமனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வண்டியப் பூட்டுடா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "இவரக் கொண்டுபோயி இவர் ஊர்ல விட்டுட்டு வா. சாமி குத்தம் என்னோட போகட்டும்."

"அண்ணே, சொல்லுங்கண்ணே! குடிக்கலைன்னு சொல்லுங்க!" என்று நான் கத்திவிட்டேன். புது மருமகளாவது ஒன்றாவது.

அண்ணன் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "நான் குடிக்கல" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "இதே வார்த்தைய இதுக்கு முந்தி எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன் தங்கச்சி. அம்புட்டும் பொய்யி. இன்னிக்கு மெய்யச் சொன்னாலும் அதே மாதிரிதானே கேக்கும்?" என்றார்.

"அவரு கட்டுன முடிச்சு, அவருக்கு அவுக்கத் தெரியாதா?" என்றாள் மாமியார்.

அப்போது மதினி வந்தாள். அடுப்படியிலிருந்து நேராக, கையில் மாவோடு, எல்லாரையும் தாண்டி வந்து அண்ணன் முன்னால் நின்றாள். வந்த நாளிலிருந்து அவருக்கு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"ஊதுங்க" என்றாள்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாயத் தொறந்து ஊதுங்கங்கறேன்."

நீங்கள் அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மாமனார் மாமியார் முன்னால் புருஷன் பேரைக்கூடச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் உட்கார மாட்டோம். இவள் என்னவென்றால் பட்டப்பகலில், பெற்ற தகப்பன் பார்க்க, புருஷன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் மூக்கை வைத்தாள். என் மாமியார் "ஏடி!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் ஊதினார். மதினி இழுத்து மோந்தாள். இன்னொரு தடவை என்றாள். மறுபடி ஊதினார்.

"வெங்காயமும் பழைய சோறும்" என்றாள் தகப்பனைப் பார்த்து. "வேற ஒரு வாடையும் இல்ல. கல்யாணமான நாள்லேருந்து இந்த வாய்க்குப் பக்கத்துல படுத்தவ நான். எனக்குத் தெரியாத வாடையா? இந்த வாயி குடிக்கல. அப்ப பானைதான் குடிச்சிருக்கு. தூக்கிப் பாருங்க!"

என் வீட்டுக்காரர் எருவை விலக்கிப் பானையைத் தூக்கினார். அடியில் வைக்கோல் கும்பலாக ஒட்டிக்கொண்டு வந்தது. பானையின் வயிறு முழுக்க முத்து முத்தாகக் கசிவு. கீழே இருந்த எரு சொதசொதவென்று ஊறி, ஊரில் இருக்கிற எறும்பெல்லாம் அங்கேதான் குடியிருந்தது. சில எறும்புகள் நகரவே இல்லை. போதையோ என்னவோ.

பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. புதுப்பானை கசியும் என்று யாருக்குத் தெரியாது? கசிந்தால்தானே குடிதண்ணீர் குளிரும்! கூழ் வைத்து, கஞ்சி வைத்துப் பழக்கின பிறகுதான் பானை கசிவை நிறுத்தும். ஊறலுக்குப் பழகின பானைதான் ஆகும். சாமிக்கு என்றதும் என் மாமியாருக்குப் பக்தி முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது. அண்ணன் இதை அன்றே சொல்லியிருக்கலாம். மாமியார் பானையோடு வந்த வேகத்தில் அவருக்கு மூச்சுவிடவே பயமாக இருந்திருக்கும்.

மாமியார் கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தாள். "அந்த வேளான் சுட்ட லட்சணம்" என்று முனகிக்கொண்டே அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்த்தால் நம் தப்பு.

மாமனார் மட்டும் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "மொகத்தத் தொடச்சிக்கங்க மாப்பிள்ளை" என்றார். அண்ணன் அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

முதல் பங்கு

இருந்த ஊறலைக் காய்ச்சினார்கள். இறங்கினது கொஞ்சம்தான். சாமிக்குப் போதும். தீயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார் அண்ணன். நீலமாக எரிந்தது. நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை.

கருப்பர் இருப்பது ஊருக்கு வெளியே, பெரிய புளியமரத்தடியில். அரிவாளும் வேலும் நட்டிருக்கும். ஆண்கள் மரத்துக்கு அங்கிட்டு, பெண்கள் இங்கிட்டு. வண்டியில் மதினியின் மூட்டை ஏற்கனவே ஏறிவிட்டது. சொன்ன சொல் தவறமாட்டாள். படையல் முடிந்து நேராக ஆவுடையார்கோவில் பாதைதான்.

பொங்கல், கிடாக் கறி, சுருட்டு எல்லாம் வைத்தார்கள். பூசாரி சூடம் காட்டினார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கையிலிருந்த காப்பை அவிழ்த்தார். குலவை போட்டோம். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் மூச்சுவிட்டபோது, பூசாரி ஒரு கொட்டாங்குச்சியில் சாராயத்தை நிறைய ஊற்றி அண்ணனிடம் நீட்டினார்.

ஊறல் போட்டவருக்குத்தான் முதல் பங்கு. வருஷா வருஷம் நடப்பதுதான். எங்களில் ஒருவருக்காவது இது ஞாபகம் வந்ததா? சாமி பங்கை மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. காப்பும் அவிழ்ந்துவிட்டது. இனி எந்தத் தடையும் இல்லை. குடித்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. குடித்தால் இத்தனை நாள் பட்ட பாடும் அதோடு சரி.

"வாங்கிக்கங்க மாப்பிள்ளை, சாமி பங்கு" என்றார் பூசாரி.

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது. கொட்டாங்குச்சி உதட்டுக்குப் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நெஞ்சுக்கு நேரே நின்றது. அவருடைய தொண்டை ஏறி இறங்குவது எனக்கு இங்கிருந்து தெரிந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற மதினியைக் காணோம்!

ஆண்கள் பக்கத்துக்கு நடந்து போய்விட்டிருந்தாள். அங்கே பெண்கள் போகிற வழக்கமே கிடையாது. பூசாரி, "ஏய், ஏய்" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. நேரே புருஷன் முன்னால் போய் நின்று, அவர் கையிலிருந்த கொட்டாங்குச்சியை வாங்கினாள்.

"அவுக பங்கு எனக்கும் பங்குதானே சாமி?" என்று கருப்பரைப் பார்த்துக் கேட்டாள். பூசாரியைப் பார்த்து அல்ல.

ஒரே மூச்சு. அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டாள். பிறகு பட்டாளே ஒரு பாடு! கண்ணு மூக்கெல்லாம் தண்ணீர். இருமல் என்றால் புளியமரத்துக் காக்கையெல்லாம் பறக்கிற இருமல். "ஐயோ ஆத்தா, இந்தக் கருமத்தையா இம்புட்டு நாளாக் குடிச்சாக!" என்றாள்.

முதலில் சிரித்தது என் மாமனார்தான். பிறகு பூசாரி. பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதினி கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். நிமிர்ந்தபோது லேசாகத் தள்ளாடினாள்.

"என்ன, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் புருஷனிடம். "எனக்குத் தல சுத்துது. வந்து கையப் புடிங்க."

ஊர் பார்க்க, சாமி பார்க்க, அவர் வந்து பிடித்தார். வண்டி வரைக்கும் மெதுவாக நடத்திக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றி உட்காரவைத்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.